எட்டுத் தேங்காய், ஒரு கிலோ எண்ணெய்

செக்கு எண்ணெயா, மில் எண்ணெயா என்று கடையில் கேட்கிறோம். கொப்பரா எப்படிக் காய்ந்தது என்று கேட்பதில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

மட்டக்களப்பு – கல்முனை வீதியோரத்து எண்ணெய் மில்லில் காலையிலேயே இரைச்சல் தொடங்கிவிடும். வாசலில் உரப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுக் கொப்பரா. முற்றத்து மரத்துக் காயைச் சேர்த்து, உடைத்து, கூரைத் தகரத்திலும் பாயிலும் காயவைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். தன் பையை விட்டு ஒரு அடி நகராத அம்மா, மில்காரப் பொடியனிடம் சொல்லும் சொல் எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, என்ட கொப்பராவ மத்த ஆக்கட கொப்பராவோட கலந்திராத மனே."

தொட்டியில் கொட்டிய கொப்பராத் துண்டுகளை இரும்புத் திருகுத் தண்டு இழுத்து நெரிக்கிறது. சட்டங்களின் இடுக்கு வழியே கலங்கலான எண்ணெய் கசிந்து தட்டில் விழுகிறது. மறுமுனையில் பிண்ணாக்கு வளைந்த தகடுகளாக, தொட்டால் சுடும் சூட்டில் வெளியே வருகிறது. எண்ணெயை வாளியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரிரு நாள் தெளியவைத்தால் அடியில் மண்டி தங்கும். மேலே நிற்பது அந்த வீட்டுக்கு மூன்று நான்கு மாதச் சமையல். பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய். சாமி விளக்குக்கும் அதுதான்.

அந்த அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவர் கொப்பராவை ஒரு வாரம் மழை படாமல் காத்து, பூஞ்சணம் பிடித்த துண்டைப் பொறுக்கி எறிந்து காயவைத்தவர். பக்கத்துப் பையில் இருப்பது எப்படிக் காய்ந்தது என்று அவருக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெயைப் பற்றி இன்று நாடு முழுவதும் நடக்கும் பேச்சின் நடுவே இருப்பது அந்த ஒரு கவலைதான்.

மணலும் மரமும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் திட்டு எழுவான்கரை. மேற்கே, வயல்வெளி விரியும் பக்கம் படுவான்கரை. நெல் படுவான்கரையின் சொத்து என்றால் தென்னை எழுவான்கரையின் சொத்து. ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று தெற்கே போகப் போக, வளவுதோறும் தென்னை. உப்புக்காற்றையும் நீர் வடியும் மணலையும் தாங்கி நிற்கும் மரம் அது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி அந்தச் சொத்தை ஒரே இரவில் அழித்தது. நாடு முழுவதும் 900க்கு மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாகக் கணக்கிட்டார்கள். தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். சூறாவளிக்குப் பின் நட்ட கன்றுகள் குலை தள்ளத் தொடங்கிய எண்பதுகளின் நடுப்பகுதியில் கிழக்கில் போர் மூண்டுவிட்டது. தோட்டங்கள் பராமரிப்பின்றிப் போயின, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007 வரை வாவியே போரிட்ட இரு தரப்புக்கும் இடையில் ஒரு எல்லையாக இருந்தது. 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி அக்கரை போகும் பொருட்கள் சோதனைச்சாவடியில் எண்ணப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி தொடங்கிக் கரையோரக் கிராமங்களை வாரிக்கொண்டு போனது.

மரத்தோடு சேர்ந்து தொழிலும் மெலிந்தது. மாட்டுச் செக்கு மறைந்து மின் மில் வந்தது. பிறகு போத்தலில் அடைத்த எண்ணெய் கடைக்கு வந்தது. காய் இருக்கும் ஊரே எண்ணெயை வெளியிலிருந்து வாங்கப் பழகிக்கொண்டது.

■ எண்ணெய் எடுக்க நான்கு வழி

தேங்காய்ப்பால் காய்ச்சுவது: முற்றிய காயைத் துருவிப் பிழிந்த முதற்பாலைச் சிறு தீயில் காய்ச்சினால் நீர் வற்றி எண்ணெய் பிரியும். கசண்டு பொன்னிறமாகும்போது இறக்கி வடிப்பார்கள். கொப்பரா தேவையில்லை, பூஞ்சணத்துக்கு நேரமே கிடையாது. ஆனால் உழைப்பு அதிகம், கிடைப்பது குறைவு. கைக்குழந்தையின் உடம்புக்கும் மருந்தெண்ணெய்க்கும் இதை எடுப்பார்கள்.

செக்கு: உரலில் கொப்பராவைப் போட்டு, பாரம் ஏற்றிய உலக்கையை மாடு சுற்றி இழுக்கும். ஒரு தடவை ஆட்டி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இப்போது பெரும்பாலும் மாட்டின் இடத்தில் மோட்டார். பிண்ணாக்கில் பத்து வீதத்துக்கு மேல் எண்ணெய் தங்கிவிடும்.

திருகு மில்: அமெரிக்காவில் வலேரியஸ் அண்டர்சன் 1900இல் காப்புரிமை பெற்ற 'எக்ஸ்பெலர்' இயந்திரத்தின் வாரிசு. இடைவிடாமல் ஓடும். பிண்ணாக்கில் ஆறு முதல் எட்டு வீதம் எண்ணெய் மிஞ்சும். அழுத்தத்தில் சூடு ஏறும்.

சுத்திகரிப்பு ஆலை: மில் எண்ணெயில் புளிப்பை நீக்கி, களிமண் கலந்து நிறத்தை வெளுத்து, 200 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நீராவி செலுத்தி வாசனையைப் போக்குவார்கள். முடிவில் நிறமும் மணமும் இல்லாத எண்ணெய்.

செக்கும் மில்லும்: வித்தியாசம் எவ்வளவு?

செக்கெண்ணெய்க்கு ஒரு மதிப்பு உண்டு. அது வெறும் நினைவால் வந்த மதிப்பல்ல. செக்கு மெதுவாகச் சுற்றுவதால் எண்ணெய் கை பொறுக்கும் சூட்டிலேயே இறங்குகிறது. கொப்பராவின் மணம் கெடாமல் நிற்கிறது. திருகு மில்லில், முக்கியமாகக் கொப்பராவை முன்கூட்டி வறுத்துப் போடும் பெரிய ஆலைகளில், நூறு பாகையைத் தொடும் சூடு உண்டு. அங்கே வரும் எண்ணெய்க்கு வறுத்த வாசனை தூக்கலாக இருக்கும்.

ஆனால் எண்ணெயின் உள்ளமைப்பு வழிக்கு வழி மாறுவதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்பு பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட. செக்கில் ஆட்டினாலும் அதுதான், மில்லில் நெரித்தாலும் அதுதான். எள்ளைப் போல் அல்ல இது. நல்லெண்ணெயைக் காக்கும் செசமின், செசமொலின் போன்ற பொருட்கள் கடும் சுத்திகரிப்பில் குறைந்துபோகும். அங்கே வழி பெரிய வித்தியாசம் செய்கிறது. தேங்காய் எண்ணெயில் வழியால் மாறுவது மணமும், கொஞ்சம் நுண்பொருட்களும்.

இதைச் சொல்வதால் செக்கின் பெருமை குறையாது. ஆனால் 'செக்கு' என்ற சொல்லை லேபலில் கண்டதும் விலையை இரட்டிப்பாகக் கொடுக்கும் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெயின் நன்மை தீமையைத் தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் செக்கடிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. அது கொப்பரா காயும் முற்றத்தில் நடக்கிறது.

முதல் இரண்டு நாள்

உடைத்த தேங்காயில் ஏறத்தாழப் பாதி நீர். அது ஆறு வீதத்துக்கு வந்தால்தான் கொப்பரா. வெயிலில் மட்டும் காய ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். சிரட்டை எரித்துச் சூளையில் உலர்த்தினால் நாலைந்து நாள்.

இந்த நாட்களில் முதல் ஒன்றிரண்டு நாள்தான் உயிர்நாடி. உடைத்த காய் ஈரமாகக் கிடந்தால் முதலில் வழுவழுப்பு. பிறகு வெள்ளைப் பூஞ்சணம். பிறகு பச்சையும் மஞ்சளுமாய் ஒரு பூஞ்சணம். அந்த மஞ்சள் பச்சைதான் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது கக்கும் நஞ்சு அஃப்ளாடொக்சின். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈரலைத் தாக்குவது அது. வெயிலில் காயவைத்துப் பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டால் பூஞ்சணம் போகும், நஞ்சு போகாது. பொரிக்கும் சூட்டிலும் அது முழுதாக அழியாது.

மட்டக்களப்பின் மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த மாதங்களில் முற்றத்து வெயிலை நம்பிக் கொப்பரா போடுவது சூதாட்டம். வெயில் இல்லாத நாளில் சிரட்டைச் சூளை இல்லாத வீடு என்ன செய்யும்? பாயைச் சுருட்டி உள்ளே வைக்கும், மறுநாள் விரிக்கும். அந்த ஒரு இரவு போதும்.

நல்ல கொப்பராவை அறிய ஆய்வுகூடம் எப்போதும் தேவையில்லை. வளைத்தால் மடியாமல் 'படக்' என்று ஒடியும். உடைந்த இடம் உள்வரை வெள்ளையாக இருக்கும். விரலால் தடவினால் பிசுபிசுப்பு இராது. கறுப்பு, பச்சை, மஞ்சள் புள்ளி எதுவும் இராது. காய் முற்றியதாக, பூ விரிந்து ஒரு வருடம் ஆனதாக இருக்க வேண்டும். இளங்காயின் கொப்பரா தோல் போல் துவளும், ஈரத்தை விடாது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். கெட்ட கொப்பராவில் இருந்து எடுத்த எண்ணெயைச் சுத்திகரித்தால், அந்தப் புளிப்பு நீக்கமும் களிமண் வெளுப்பும் நஞ்சின் பெரும்பகுதியை எடுத்துவிடும். அதே கொப்பராவைச் செக்கில் ஆட்டினால் நஞ்சின் ஒரு பங்கு எண்ணெயோடு போத்தலுக்குப் போகும். ஆகவே 'சுத்திகரிக்காதது' என்ற பெருமை நல்ல கொப்பராவுக்கு மட்டுமே உரியது.

2021: சித்திரைக்கு முன் வந்த பயம்

2021 மார்ச் மாதம், சித்திரை வருடத்துக்குச் சில வாரங்களே இருக்கையில், இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அளவுக்கு மீறிய அஃப்ளாடொக்சின் இருப்பதாக இலங்கைச் சுங்கத்தின் வழியாகத் தெரியவந்தது. எண்ணெய்த் தாச்சி அடுப்பேறும் மாதம் அது. முறுக்குக்கும் கொக்கிசுக்கும் மாவு இடித்து வைத்த வீடுகளில் வாங்கிய எண்ணெயைத் தொடவே பயந்தார்கள். இறக்குமதியான அந்த எண்ணெயைத் திருப்பி அனுப்புமாறு அரசு உத்தரவிட்டது.

அடுத்த மாதமே, ஏப்ரல் 5ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தார். இருக்கும் செம்பனைத் தோட்டங்களையும் படிப்படியாக அகற்றச் சொன்னார். நோக்கம் நல்லதாகத் தெரிந்தது. ஆனால் இலங்கை உண்ணும் எண்ணெயில் உள்நாட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு சிறு பங்குதான். மிச்சத்தை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. தடை தளர்ந்து அனுமதிப்பத்திர முறைக்கு வந்தது. அதே வருடம் இரசாயன உரத் தடையும் வந்துபோனது.

தென்னை உடனே முகம் காட்டும் பயிர் அல்ல. இன்றைய வரட்சியும் உரமில்லாப் பட்டினியும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துத்தான் குலையில் தெரியும். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. தொழிற்சாலைகளுக்காகத் தேங்காய்ப் பருப்பை இறக்குமதி செய்ய அரசு இசைந்தது. காய் தின்னும் குரங்கும் மர அணிலும் எத்தனை என்று அறிய 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடெங்கும் விலங்குகளைக் கூட எண்ணினார்கள்.

■ ஒரு கிலோ எண்ணெயின் கணக்கு

தெங்கு அபிவிருத்தி அதிகாரசபை கணக்கிடும் முறையில் ஒரு தொன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 8,000 தேங்காய். ஒரு கிலோவுக்கு எட்டு.

எட்டுக் காயிலிருந்து கொப்பரா: சுமார் 1.6 கிலோ

அதிலிருந்து எண்ணெய்: சுமார் 1 கிலோ (ஒரு லீற்றரைவிடச் சற்று அதிகம்)

பிண்ணாக்கு: சுமார் அரைக் கிலோ

காய் 100 ரூபாய் என்றால் காய்ச் செலவு மட்டும் 800 ரூபாய். 150 என்றால் 1,200. 200 என்றால் 1,600.

பிண்ணாக்கு, சிரட்டை, பொச்சு விற்றுக் கொஞ்சம் மீட்கலாம். உடைகூலி, மில்கூலி, போத்தல், லொறி, கடைக்காரர் இலாபம் இவற்றை அதன்மேல் கூட்ட வேண்டும். இந்தக் கணக்குக்குக் கீழே நிற்கும் விலையில் 'சுத்தமான தேங்காய் எண்ணெய்' என்று ஒருவர் விற்றால், அந்தப் போத்தலில் எட்டுத் தேங்காய் இல்லை.

கலப்படம் எப்படி நடக்கிறது

தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் கலப்படமும் ஏறும். மலிவான வழி, பாம் ஒலீனைக் கலந்து கொஞ்சம் நல்ல எண்ணெயால் மணமூட்டுவது. தேங்காய் எண்ணெயின் அயடின் எண் 6க்கும் 11க்கும் இடையில் நிற்கும். பாம் ஒலீனுக்கு அது 56க்கு மேல். மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே எண் இருபதைத் தாண்டிவிடும். ஆய்வுகூடத்தில் இதைப் பிடிப்பது எளிது.

கெட்டிக்காரக் கலப்படம் வேறு. செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லோரிக் அமிலம் பாதியளவு உண்டு. தேங்காய் எண்ணெயைப் போலவே உறையும். அயடின் எண்ணும் 14 முதல் 21க்குள். அதைக் கொஞ்சம் கலந்தால் சாதாரணச் சோதனை தடுமாறும்.

வீடுகளில் செய்யும் குளிர்சாதனப் பெட்டிச் சோதனையும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும் என்பது உண்மை. நுவரெலியாவில் போத்தலோடு கட்டியாகும். மட்டக்களப்புச் சூட்டில் பெரும்பாலும் நீராகவே இருக்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கடும் குளிரில் பாம் ஒலீனும் கலங்கித் திரளும். உறைந்தது என்பதால் மட்டும் அது தேங்காய் எண்ணெய் ஆகிவிடாது.

ஆகவே நுகர்வோரின் கையில் உள்ள முதல் கருவி அந்த எட்டுத் தேங்காய்க் கணக்குத்தான். இரண்டாவது, போத்தலில் எஸ்.எல்.எஸ். 32 என்ற தேங்காய் எண்ணெய்த் தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, மில்காரரை முகத்தால் அறிவது.

பிண்ணாக்கிலிருந்து தயிர்ச் சட்டிக்கு

கொப்பராவின் தவறு எண்ணெயோடு முடிவதில்லை. மில்லில் நெரிபடும்போது அஃப்ளாடொக்சினின் பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே தங்குகிறது. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு தின்ற நஞ்சின் ஒரு பங்கு உருமாறி, அஃப்ளாடொக்சின் எம்1 என்ற பெயரில் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் உறைய வைத்தாலும் அது போவதில்லை.

மட்டக்களப்புக்கு இது சின்ன விசயமல்ல. படுவான்கரையின் எருமைத் தயிர் நாடறிந்தது. மேய்ச்சல் தரைகள் சுருங்கச் சுருங்க, கறவைக்குப் பிண்ணாக்கையும் தவிட்டையும் நம்ப வேண்டியிருக்கிறது. மழை நாளில் எழுவான்கரை முற்றத்தில் நனைந்த ஒரு பாய்க் கொப்பரா, வாவியைக் கடந்து படுவான்கரைத் தயிர்ச் சட்டிவரை போய்ச் சேரலாம். கோழித் தீனிக்கும் இதே கதைதான்.

தீனி விற்போரும் பால் சேகரிப்போரும் பிண்ணாக்கைச் சோதிக்கக் கேட்டால், மில்காரர் கொப்பராவைத் தரம் பார்த்து வாங்குவார். மில்காரர் தரம் பார்த்தால், வீடுகள் ஒழுங்காக உலர்த்தும். ஒரு இடத்தில் இறுக்கினால் சங்கிலி முழுவதும் இறுகும்.

உடம்புக்கு நல்லதா?

தேங்காய் எண்ணெய் சகல நோய்க்கும் மருந்து என்று ஒரு பக்கம். மாரடைப்பின் ஊற்று என்று மறுபக்கம். இரண்டும் மிகை.

அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிவுரையில் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலை உயர்த்துகிறது என்று கூறி, அதைத் தவிர்க்கச் சொன்னது. நாளாந்தச் சக்தியில் நிறைவுற்ற கொழுப்பு பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செக்கில் ஆட்டியது என்பதற்காக இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

அதே நேரம், பொரிக்கும் சூட்டுக்கு இந்த எண்ணெய் ஈடுகொடுக்கும்; எளிதில் ஒக்சிசனோடு சேர்ந்து கெடாது. நம்மவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெயின் வகையைவிட அதைப் பயன்படுத்தும் விதம். ஒரே எண்ணெயில் காலை வடை, பின்னேரம் ரோல்ஸ், மறுநாள் மீண்டும் அதிலேயே மீன் என்று கறுத்துத் தடிக்கும்வரை காய்ச்சும் தாச்சி ஊருக்கு ஊர் உண்டு. சொட்டு நல்லெண்ணெயோ சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தாளித்து ஆணம் வைத்த தலைமுறை உண்ட அளவும், நாம் இன்று பொரித்துத் தின்னும் அளவும் ஒன்றல்ல.

■ ஒலிவ் நாடுகள் கற்ற பாடம்

மத்திய தரைக்கடல் நாடுகளில் ஒலிவ் எண்ணெய்க்கும் இதே வரலாறு உண்டு. கல் உருளையில் அரைத்து, விழுதைப் புற்பாய்களில் பரப்பி, அடுக்கி அழுத்தி எண்ணெய் எடுத்தார்கள். பார்க்க அழகான முறை. ஆனால் பாய்களை முழுதாகக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கிய பழைய விழுது புளித்து, புது எண்ணெயின் மணத்தைக் கெடுத்தது.

இப்போது பெரும்பாலான ஆலைகளில் பழத்தைக் கழுவி, இரும்பு அரைவையில் நொறுக்கி, மெதுவாகப் பிசைந்து, வேகமாகச் சுழலும் பொறியால் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். பறித்த சில மணித்தியாலங்களில் வேலை முடியும். தரம் உயர்ந்தது.

'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' என்ற பெயரைப் பெற அமிலம் 0.8 வீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு பயிற்சி பெற்ற சுவைஞர் குழு குறையில்லை என்று சொல்லவும் வேண்டும். எந்த இயந்திரம் என்று சட்டம் கட்டளையிடவில்லை. எண்ணெய் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது.

அப்படியும் ஆசை விடவில்லை. 2022–23 பருவத்தில் வரட்சியால் ஸ்பெயினின் உற்பத்தி முந்தைய பருவத்தின் பாதிக்கும் கீழே விழுந்து விலை ஏறியபோது, போலி எண்ணெய் பற்றிய முறைப்பாடுகளும் ஐரோப்பாவில் ஏறின.

காசு எங்கே போகிறது?

தேங்காயைக் காயாகவே லொறியில் ஏற்றி அனுப்பினால் ஊருக்கு வருவது காய் விலை மட்டும். பொச்சு, சிரட்டை, பிண்ணாக்கு, எண்ணெய், உடைப்பவர் கூலி, மில்லின் இலாபம் எல்லாம் அந்த லொறியோடு போய்விடும். அதே காய் ஊரிலேயே உடைபட்டால் ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கு வேலை உண்டு. சிரட்டை அதே சூளைக்கு விறகாகிறது. பிண்ணாக்கு அக்கரை மாட்டுக்கு. பொச்சு கயிற்றுக்கும் பயிருக்கும்.

முன்பு ஒரு தடை இருந்தது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவில் மண்முனையில் பாதைதான் போய்வந்தது. 2014இல் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கமும் காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கமும் நிமிடக் கணக்கில் தொடும் தூரமாகிவிட்டன. எண்ணெயும் பிண்ணாக்கும் பாலும் ஒரே சந்தையில் சுழல இன்று வழி இருக்கிறது.

வேர்ஜின் தேங்காய் எண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை. கொப்பரா ஆக்காமல், துருவலைக் குறைந்த சூட்டில் உலர்த்தி உடனே அழுத்தியோ, பாலைச் சுழற்றிப் பிரித்தோ எடுப்பது அது. நம் அம்மாமார் அடுப்பில் காய்ச்சிய பாலெண்ணெயின் அறிவியல் வடிவம். மகளிர் சங்கங்கள் இதைச் சிறு அளவில் செய்யலாம். ஆனால் சுத்தமான அறை, ஈரம் அளக்கும் கருவி, ஆய்வுகூடச் சான்று இவை இல்லாமல் ஏற்றுமதி வாசல் திறக்காது. வந்தாறுமூலையில் விவசாய பீடத்தோடு கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஊர் மில்களின் எண்ணெயையும் பிண்ணாக்கையும் குறைந்த கட்டணத்தில் சோதித்துக் கொடுக்கும் ஒரு சேவை அங்கே தொடங்கினால், அதன் பயன் பல ஆயிரம் அடுக்களைகளுக்குப் போய்ச் சேரும்.

2025 செப்டெம்பர் 2, உலகத் தெங்கு தினத்தில், வடக்கே உள்ள புதுக்குடியிருப்பில் 'வடக்குத் தெங்கு முக்கோணம்' தொடங்கிவைக்கப்பட்டது. குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற பழைய முக்கோணத்துக்கு வெளியே அரசு பார்க்கத் தொடங்கியது வரவேற்கவேண்டியது. ஆனால் கிழக்குக் கரை கன்று மட்டும் கேட்கும் நிலையில் இல்லை. இங்கே மரம் ஏற்கெனவே நிற்கிறது. இல்லாதது உலர்த்தும் வசதி. ஊருக்கு ஒரு சிரட்டைச் சூளை, மழைக்காலத்தில் பத்து வீடு சேர்ந்து பயன்படுத்தும் ஒரு உலர்த்தி, மில் வாசலில் ஈரமானி. தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையும் தெங்கு அபிவிருத்தி அதிகாரசபையும் முதலில் செலவிட வேண்டிய இடம் இது.

பெயரும் வேண்டும். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கைப் பொருள் ஒன்று அந்தக் குறியீட்டைப் பெற்றது அதுவே முதல் தடவை. எழுவான்கரைத் தேங்காய் எண்ணெய் என்று ஒரு போத்தலில் எழுத, முதலில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு நிற்க வேண்டும்: எந்தக் காய், எத்தனை வீத ஈரம், யார் ஆட்டியது, எந்தத் திகதி. ஒழுங்கு வந்தால் பெயர் தானே நிற்கும்.

■ வாங்கும்போது, ஆட்டும்போது

மில்லில் ஆட்டினால் முதலில் ஒரு துண்டு கொப்பராவை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த துண்டைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள், எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

புது எண்ணெயை மூடாத வாளியில் வெயிலில் வைக்காதீர்கள். தெளிந்ததும் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் நிரப்புங்கள். ஈரப் போத்தல் எண்ணெயைச் சிக்கு வாசம் ஆக்கும்.

கடையில் வாங்கினால் உற்பத்தித் திகதி, முகவரி, தரக் குறியீடு பாருங்கள். 'செக்கு' என்று எழுதியிருந்தால் செக்கு எங்கே என்று கேளுங்கள்.

பொரித்த எண்ணெயை வடித்து மறுமுறை தாளிக்கலாம். கறுத்ததை ஊற்றிவிடுங்கள்.

செய்யவேண்டியது

மாட்டுச் செக்கு திரும்பி வரவேண்டும் என்று ஏங்குவதில் தவறில்லை. ஓரிரு இடத்தில் வந்தால் மகிழ்ச்சி. ஆனால் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு மாவட்டத்தின் அடுக்களையை அது நிரப்பாது. நிரப்பப்போவது ஊர் மில்தான். அந்த மில்லைக் குறை சொல்லி ஒதுக்கினால் மிஞ்சுவது எங்கேயோ அடைத்து, யாரோ கலந்து, கப்பலில் வந்த எண்ணெய்.

ஆகவே ஊர் மில்லைத் திருத்துவதே வழி. மில்காரர் ஈரக் கொப்பராவை 'ஆட்டமாட்டேன்' என்று திருப்பி அனுப்பும் துணிவைப் பெற வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைப் போத்தலைப் பார்ப்பதோடு நில்லாமல் மில்லின் கொப்பரா மூட்டையையும் பார்க்க வேண்டும். பிரதேச சபை உலர்த்தும் தளத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். நாம் எட்டுத் தேங்காயின் விலையைக் கொடுக்க மனம் வைக்க வேண்டும். அதைவிட மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேட்க வேண்டும். சித்திரைக்கு எண்ணெய் வாங்கப்போகும் ஒவ்வொரு வீடும் கடைக்காரரிடமும் மில்காரரிடமும் இரண்டே கேள்வி கேட்கட்டும்: எந்த ஊர்க் காய்? எத்தனை நாள் காய்ந்தது? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். ஒரு பருவம் அப்படி வாங்கினால், அடுத்த பருவம் அந்தப் பதிலைப் போத்தலிலேயே எழுதி விற்பார்கள்.